இறையாட்சியும் மக்களாட்சியும்: மும்பைத் தமிழ் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் விவிலியம் பயிலும் தமிழ்க் கிறித்தவ இளையோருக்கும், திருக்குர்ஆனும் ஹதீஸும் பயிலும் தமிழ் முஸ்லிம் இளையோருக்கும் அன்புடன் எழுதப்படுவது.

கடவுளின் ஆட்சியை நம்புகிறவர் ஒரு குடியரசுக்கு எந்த அளவுக்குக் கட்டுப்பட்டவர் என்னும் கேள்வி உங்களிடம் இரு திசைகளிலிருந்து வருகிறது. ஆட்சி அல்லாஹ்வுக்கே உரியது என்று ஓதுகிற முஸ்லிமும், கிறிஸ்துவே அரசர் என்று பாடுகிற கிறித்தவரும் நாட்டுக்கு அரைமனதோடுதான் கட்டுப்பட்டிருப்பார்கள் என்று வெளியிலிருந்து சிலர் ஐயுறுகிறார்கள். அதே நம்பிக்கையைக் காட்டி, வாக்களிப்பதும் சட்டமன்றத்தை ஏற்பதும் இறைவனுக்கு இணைவைப்பதாகும் என்று உள்ளிருந்து சிலர் போதிக்கிறார்கள். இறைவனும் மக்களும் ஒரே அரியணைக்குப் போட்டியிடுகிறார்கள் என்று இரு தரப்பாருமே எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறானது என்பதே இம்மடலின் கருத்து. இறைவனின் பெயரால் ஆட்சியுரிமை கோரப்பட்ட போதெல்லாம் அது ஒரு மன்னரின் கையிலோ ஒரு பதவியின் கையிலோ ஓர் உடன்படிக்கையின் வாசகத்திலோதான் போய் நின்றது என்பதையும், இறைவன் ஒருவனே முழு ஆட்சியாளன் என்னும் நம்பிக்கையை உண்மையாகவே ஏற்றவர்கள் அத்தகைய கோரிக்கைகளை மறுத்தவர்களாகவே இருந்தார்கள் என்பதையும் மும்பையின் வரலாறே காட்டுகிறது.

இறையாண்மை என்பது தனக்கு மேல் வேறோர் அதிகாரத்தை ஏற்காத, சட்டம் இயற்றவும் நீக்கவும் வல்ல இறுதி அதிகாரம்; பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ழான் போதேன் 1576இல் வெளியிட்ட நூல் அதற்கு இன்றைய வடிவைக் கொடுத்தது. அரசியல் இறையியல் என்பது, கடவுளைப் பற்றிய ஒரு சமூகத்தின் எண்ணங்களும் ஆட்சியைப் பற்றிய அதன் எண்ணங்களும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை ஆராயும் துறை. இத்துறைக்கு அப்பெயரை நிலைபெறச் செய்த செருமானியச் சட்ட அறிஞர் கார்ல் சுமித், நவீன அரசைப் பற்றிய முக்கியமான கருத்துகள் எல்லாம் உருமாறிய இறையியல் கருத்துகளே என்றும், சட்டத்தை நிறுத்திவைக்கும் விதிவிலக்கு நிலையை அறிவிக்க வல்லவரே இறையாண்மை உடையவர் என்றும் 1922இல் வாதிட்டார். அவர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதை அவரைப் படிப்பவர் மறக்கக் கூடாது. அவருக்கு மறுமொழியாகவே, இறையியலாளர் எரிக் பீட்டர்சன் 1935இல், ஒரே கடவுள், எனவே ஒரே பேரரசன் என்னும் பழைய ஒப்புமையை மூவொரு கடவுள் பற்றிய கோட்பாடே உடைத்துவிட்டது என்று எழுதினார். கிறித்தவ நம்பிக்கையை முறையாகப் புரிந்துகொண்டால் எந்த அரசரும் தம்மைக் கடவுளின் பிரதியாகக் காட்டிக்கொள்ள முடியாது என்பது அவருடைய முடிவு.

அந்த ஒப்புமைக்கு நீண்ட வரலாறு உண்டு. பேரரசருக்குப் பலி செலுத்த மறுத்த முதல் நூற்றாண்டுகளின் கிறித்தவர்கள் அதற்காகவே கொல்லப்பட்டார்கள். கான்ஸ்டன்டைன் கிறித்தவத்துக்கு ஆதரவளித்த நான்காம் நூற்றாண்டிலோ, ஆயர் யூசேபியஸ் அப்பேரரசரின் ஆட்சியை விண்ணக ஆட்சியின் சாயலாகவே புகழ்ந்தார். 494இல் பாப்பரசர் கெலாசியுஸ், குருக்களின் அதிகாரமும் மன்னரின் ஆட்சியும் வெவ்வேறானவை என்று பேரரசருக்கு எழுதினார். 1302இல் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் அவ்விரண்டையுமே திருச்சபையின் கீழ்க் கொண்டுவர முயன்றார். ஐரோப்பாவின் அந்தச் சண்டை இந்தியாவுக்கும் கப்பலேறி வந்தது.

புதிதாகக் கடல்வழி கண்ட நாடுகளில் ஆயர்களை முன்மொழியவும் ஆலயங்களைப் பேணவும் போர்ச்சுகல் மன்னருக்குப் பாப்பரசர்கள் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் அளித்த உரிமைத் தொகுதிக்குப் பதுருவாதோ, அதாவது புரவலர் உரிமை, என்று பெயர். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றதும், 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்ததும் அந்த மன்னரின் பாதுகாப்புக்குள் நிகழ்ந்தவை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்த குடும்பங்கள் தங்கள் மூதாதையரின் வரலாற்றில் இதைச் சந்திக்கும். 1658இல் சீர்திருத்தக் கிறித்தவரான டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றிய பிறகும் பரதவர்கள் கத்தோலிக்கத்தைக் கைவிடவில்லை. புரவலராக இருந்த மன்னரின் கொடி இறங்கிய பின்னும் நம்பிக்கை நிலைத்தது. மன்னரின் உரிமை நம்பிக்கைக்கு இன்றியமையாதது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிட்டது எனலாம்.

உரோமையும் அதை உணர்ந்திருந்தது. மறைபரப்பு வேலையை மன்னர்களிடமிருந்து மீட்கும் நோக்கத்தோடு 1622இல் புரொப்பகாந்தா என்னும் மறைபரப்புப் பேராயத்தை அது நிறுவியது. கோவாவின் திவார் தீவைச் சேர்ந்த மத்தேயுஸ் தெ காஸ்த்ரோவை அப்பேராயம் 1637இல் ஆயராக்கி அனுப்பியபோது, மன்னரின் ஒப்புதல் இல்லாத ஆயரைக் கோவாவின் போர்ச்சுக்கீசிய அதிகாரம் ஏற்க மறுத்தது. இந்தியர் ஒருவர் ஆயராகலாமா என்னும் கேள்வி அன்றே எழுந்து அன்றே அடக்கப்பட்டது.

மும்பையில் இந்தச் சண்டை இன்னும் விசித்திரமான உருவெடுத்தது. 1661இல் செய்துகொள்ளப்பட்ட திருமண உடன்படிக்கையின்படி இத்தீவு போர்ச்சுகலிடமிருந்து இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குச் சென்றது. 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கோவாப் பேராயரின் கீழிருந்த பிரான்சிஸ்கன் துறவியரைப் போர்ச்சுகலின் ஆட்கள் என்று ஐயுற்ற கம்பெனி, 1720இல் அவர்களை வெளியேற்றி, உரோமை நேரடியாக நியமித்த கார்மேல் சபைத் துறவியரிடம் ஆலயங்களை ஒப்படைத்தது. 1789இல் கம்பெனியின் இயக்குநர்கள் அதே ஆலயங்களைக் கோவாப் பேராயருக்குத் திருப்பித் தர ஆணையிட்டார்கள், முறையீடுகள் குவிந்தன, ஆணை மாறியது, கடைசியில் 1794இல் நான்கு ஆலயங்கள் இரண்டிரண்டாகப் பங்கிடப்பட்டன. ஒரு கத்தோலிக்கருக்குச் சரியான ஆயர் யார் என்பதைச் சீர்திருத்தக் கிறித்தவ வணிகர்களின் கம்பெனி ஒன்று தீர்மானித்தது என்பது இதன் பொருள். அன்று அதிகாரம் கோரிய போர்ச்சுகல் மன்னர், உரோமை, கம்பெனி ஆகிய மூன்று தரப்பாருள் எவரும் பங்குமக்களைக் கேட்டு முடிவெடுக்கவில்லை.

கேட்காமல் விடப்பட்டவர்கள் 1853இல் தாங்களே பேசினார்கள். மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தின் பங்குமக்களில் பெரும்பகுதியினர் கோவாவின் அதிகாரத்துக்குத் திரும்ப விரும்பினார்கள். உரோமையின் பதிலாளராக இருந்த கப்புச்சின் ஆயர் அனஸ்தாசியுஸ் ஹார்ட்மன் தம் ஆதரவாளர்களோடு ஆலயத்துக்குள் அடைபட்டு எதிர்த்து நிற்க, மறுதரப்பார் வெளியிலிருந்து முற்றுகையிட்டார்கள். அரசு அதிகாரிகள் தலையிட்டு ஆலயம் கோவாத் தரப்பிடம் சென்றது. தாராவியிலிருந்து நடந்தே போகக் கூடிய தொலைவில், புதன்கிழமை நொவேனாவுக்கு எல்லாச் சமயத்தாரும் திரளும் அந்த ஆலயத்தில், இறைவனின் பெயரால் இரு ஆட்சியுரிமைகள் கதவின் இரு புறமும் நின்றன என்பதை இளையோர் அறிய வேண்டும்.

பிறகு நடந்தவை சுருக்கமாகச் சொல்லத் தக்கவை. ஆனால் அவற்றில் ஒன்று ஊன்றிப் பார்க்க வேண்டியது. 1886இல் பாப்பரசரும் போர்ச்சுகலும் செய்துகொண்ட உடன்படிக்கை இருவருடைய எல்லைகளையும் வரையறுத்தது. 1910இல் போர்ச்சுகலில் முடியாட்சியே ஒழிந்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டுக் குடியரசு திருச்சபையை அரசிலிருந்து பிரித்தது. அப்படியிருந்தும் மும்பை ஆயர் நியமனத்தில் அந்நாட்டுக்கு இருந்த பங்கு ஒழியவில்லை. 1928இல் செய்த புதிய உடன்பாட்டின்படி மும்பைப் பேராயர் பதவிக்குப் போர்ச்சுக்கீசியரும் பிரித்தானியரும் மாறி மாறி வந்தார்கள். மன்னரின் பக்திக்கு ஈடாகத் தரப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஓர் உரிமை, மன்னரும் இல்லாமல் பக்தியும் தேவைப்படாமல் ஓர் அரசின் சொத்தாக நீடித்தது. அந்த முறையில் வந்த ஆங்கிலேயரான பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ், இந்தியர் ஒருவருக்கு இடம் விடுவதற்காகத் தாமே ஒதுங்கிக்கொண்டார். 1950 ஜூலையில் போர்ச்சுகல் தன் உரிமையைக் கைவிட்டது. அதே ஆண்டில் வலேரியன் கிராசியஸ் பேராயராகி, 1953இல் இந்தியாவின் முதல் கர்தினாலானார். தூத்துக்குடியில் திபூர்சியுஸ் ரோச் 1923லேயே ஆயராகியிருந்தார் என்பதைத் தமிழர் பெருமையோடு நினைவுகூரலாம். மும்பைத் திருச்சபை அந்நிய அரசின் பிடியிலிருந்து முழுதும் விடுபட்டது இந்தியா குடியரசான ஆண்டில்தான். சமயச் சார்பற்ற குடியரசு திருச்சபையின் உரிமையைப் பறித்தது என்று சொல்பவர்கள் இந்த வரிசையைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இஸ்லாமியச் சிந்தனையின் அமைப்பு வேறானது. அதைக் கிறித்தவ வரலாற்றின் அச்சில் வார்க்கக் கூடாது. பாப்பரசருக்கு இணையான பதவியோ திருச்சபை போன்ற நிறுவனமோ அங்கே இல்லை. சட்டத்தை விளக்கும் உரிமை மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடமும், ஆளும் பொறுப்பு கலீபாவிடமும் பின்னர் சுல்தான்களிடமும் இருந்தன. முதல் கலீபா அபூபக்கர், தம்மை இறைவனின் பிரதிநிதி என்று அழைப்பதை ஏற்காமல், இறைத்தூதரின் பிரதிநிதி என்றே அழைக்கச் சொன்னார் என்பது மரபுச் செய்தி. பிற்காலக் கலீபாக்கள் சிலர் அந்த அடக்கத்தைக் காக்கவில்லை. திருக்குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் கொள்கையை ஆலிம்கள் ஏற்றே தீர வேண்டுமென்று 833இல் கலீபா மஃமூன் விசாரணை தொடங்கினார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையையும் சவுக்கடியையும் ஏற்றாரேயொழிய இணங்கவில்லை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் அரசே பின்வாங்கியது. மார்க்கக் கொள்கையை வகுக்கும் உரிமை ஆட்சியாளருக்கு இல்லை என்பது அதன்பின் சுன்னி மரபின் நிலையான பாடமாயிற்று. இறைவனின் ஆட்சியை உறுதியாக நம்பிய மனிதரே இறைவனின் பெயரால் பேசிய ஆட்சியாளரை மறுத்தார் என்பதுதான் அந்நிகழ்வின் சாரம்.

மும்பையில் இக்கேள்வி கிலாபத் இயக்கமாக, அதாவது கலீபா பதவியைக் காக்கும் இயக்கமாக, எழுந்தது. உதுமானிய சுல்தானே உலக முஸ்லிம்களின் கலீபா என்னும் எண்ணம் இந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுத்தது; ஜும்ஆ குத்பாவில், அதாவது வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முந்தைய பேருரையில், அவர் பெயரைச் சொல்லி துஆ செய்யும் வழக்கமும் பரவியது. முதல் உலகப் போரில் உதுமானிய அரசு தோற்றதும், 1919 மார்ச்சில் மும்பையில் கிலாபத் குழு அமைந்து, மரவணிகர் மியான் முகம்மது சோட்டானி அதன் தலைவரானார். பைகுல்லாவின் கிலாபத் இல்லம் அந்த இயக்கத்தின் நினைவாக இன்றும் நிற்கிறது, மீலாது ஊர்வலம் ஆண்டுதோறும் அங்கிருந்தே புறப்படுகிறது. சென்னை மாகாணத்தில் யாகூப் ஹசன் சேட் போன்றோர் அதை முன்னெடுத்தார்கள். காந்தியடிகள் அதை ஒத்துழையாமையோடு இணைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் அன்று தோளோடு தோள் நின்றது சிறிய சாதனையன்று.

ஆயினும் எந்தப் பதவியைக் காக்க அவர்கள் போராடினார்களோ அதன் அடித்தளம் அங்காராவில் கரைந்துகொண்டிருந்தது. 1922 நவம்பரில் துருக்கியப் பேரவை சுல்தான் பதவியை ஒழித்து, ஆட்சியதிகாரமே இல்லாத கலீபாவாக இரண்டாம் அப்துல் மஜீதைத் தேர்ந்தெடுத்தது. மார்க்கச் சட்டத்தைச் செயல்படுத்தவும் எல்லைகளைக் காக்கவும் கடமைப்பட்டவர் என்று பதினோராம் நூற்றாண்டிலேயே அல்மாவர்தீ வரையறுத்த ஒரு பதவி, படையும் சட்டமும் இல்லாமல் நிற்க முடியுமா? மறு ஆண்டு ஆகா கானும் சையது அமீர் அலியும் கலீபாவின் மதிப்பைக் காக்கக் கோரி எழுதிய கடிதம் துருக்கியத் தலைவர்களுக்குச் சினமூட்டியது; 1924 மார்ச் 3ஆம் நாள் கிலாபத்தே ஒழிக்கப்பட்டது. இந்திய முஸ்லிம்கள் இறைவன் விதித்ததாகக் கருதிய பதவியை வேறொரு நாட்டின் பேரவை ஒரே நாளில் கலைத்துவிட்டது. ஆனால் மும்பையின் பள்ளிவாசல்களில் அடுத்த ஜும்ஆ நடக்கத்தான் செய்தது. 1925இல் எகிப்தின் காதி அலீ அப்துர் ராஸிக், கிலாபத் மார்க்கத்தின் கட்டாயக் கூறு அன்று என்று நூலெழுதி அல்அஸ்ஹர் ஆலிம்களின் நிரையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் முடிவை ஏற்றாலும் மறுத்தாலும், அவர் கேட்ட கேள்வியைத் தவிர்த்துவிட்டு இத்துறையில் எவரும் மேலே செல்ல முடியாது.

அந்தக் கேள்விக்கு இந்தியாவில் இரு விடைகள் வந்தன. இறையாண்மை இறைவனுக்கு மட்டுமே உரியது, எனவே மக்களின் இறையாண்மை என்பது அவனுடைய உரிமையைப் பறிப்பதாகும் என்று 1941இல் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கிய மௌலானா மௌதூதி வாதிட்டார்; இந்தியாவில் அவர் வழிவந்த அமைப்பு தன் உறுப்பினர்கள் வாக்களிப்பதற்கு நெடுங்காலம் தடை வைத்திருந்து பின்னர் தளர்த்தியது. தேவ்பந்து தாருல் உலூமின் மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனி, நபிகளார் மதீனாவில் யூதரோடும் செய்த உடன்படிக்கையை எடுத்துக்காட்டி, வெவ்வேறு சமயத்தார் ஒரே நாட்டினராக இணைந்து வாழ்வது மார்க்கத்துக்கு உடன்பாடானதே என்று 1938இல் நிறுவினார். கவிஞர் இக்பால் அவரைக் கடுமையாகச் சாடினார். மதனி சமயப் பற்றில் மௌதூதிக்கு இளைத்தவர் அல்லர். இறைவனின் ஆட்சி ஓர் அரசின் முத்திரையைத் தேடி நிற்கவில்லை என்ற தெளிவு அவரிடம் இருந்தது. அவ்வகையில் இம்மடல் மதனியின் பக்கமே நிற்கிறது.

இரு விடைகளும் 1949இல் இரு அரசமைப்பு அவைகளில் சோதிக்கப்பட்டன. மார்ச் 12ஆம் நாள் பாகிஸ்தானின் அவை, பேரண்டம் முழுவதன் இறையாண்மையும் அல்லாஹ்வுக்கே உரியதென்றும், அதை மக்கள் வழியாக அந்நாட்டு அரசுக்கு அவன் ஒப்படைத்திருக்கிறான் என்றும் தீர்மானித்தது. ஸ்ரீஸ் சந்திர சட்டோபாத்யாய முதலிய இந்து உறுப்பினர்களின் மறுப்பு எடுபடவில்லை. இறைவனின் பொறுப்பை ஏற்றதாகச் சொன்ன அந்நாட்டில் படைத்தலைவர்கள் மும்முறை ஆட்சியைக் கைப்பற்றினார்கள்; அத்தீர்மானத்தின் வாசகம் அவர்களில் ஒருவரையும் தடுக்கவில்லை. அக்டோபர் 17ஆம் நாள் இந்திய அவையில், முகப்புரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டுமென்று எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் சங்கடத்துக்கு உறுப்பினர்களை ஆளாக்க வேண்டாமென்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். கடவுளை நம்பியவர்கள் பலரே எதிர்த்துப் பேசினார்கள். 41 பேர் ஆதரவாகவும் 68 பேர் எதிராகவும் வாக்களிக்கத் திருத்தம் தோற்றது. அன்று தோற்றது கடவுள் நம்பிக்கை என்று சொல்வது பிழை. எந்த ஆட்சியும் தன் கையொப்பத்துக்கு மேல் இறைவனின் கையொப்பத்தை இட்டுக்கொள்ள முடியாது என்பதே அங்கு முடிவாயிற்று.

அப்படியானால் மக்களின் இறையாண்மையும் கடவுளாகிவிடும் ஆபத்து இல்லையா என்று உங்களில் சிலர் கேட்கக் கூடும். இருக்கிறது, அதற்கும் இந்நகரமே சான்று. நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், சட்டமின்றிச் சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகவும் முடியாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது, நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த மாதம், அணு ஆய்வு மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டு, தமிழர் பலர் உட்பட அங்கிருந்த பல்லாயிரம் பேர் செம்பூருக்கு அப்பாலுள்ள சீத்தா முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜாக்கின் அற்புதம் அதற்கெதிராகப் பல ஆண்டுகள் போராடியிருந்தார். விதிவிலக்கை அறிவிப்பவரே இறையாண்மையர் என்று சுமித் எழுதியதன் பொருளைச் சீத்தா முகாமின் முதியோர் நூல் படிக்காமலேயே அறிவார்கள். தன்னைத் தட்டிக்கேட்கத் தனக்கு மேல் எதுவும் இல்லை என்று ஓர் அரசு நம்பத் தொடங்கும்போது, இறைவன் மட்டுமே அப்படிப்பட்டவன் என்று சொல்லத் தெரிந்த குடிமக்கள் அந்நாட்டுக்குத் தேவைப்படுகிறார்கள்.

அத்தகைய ஒரு மறுப்பை நாட்டின் சட்டமே காத்த நிகழ்வும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த மூன்று கேரளச் சிறார், பள்ளியில் நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறெதற்கும் துதி செலுத்த மனம் இடந்தராததால் பாடவில்லை. 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அளித்த தீர்ப்பு, அவர்களின் மௌனத்தில் அவமதிப்பு இல்லை என்றும், மனச்சான்றின்படி நடக்கும் உரிமை அவர்களுக்கு உண்டென்றும் சொல்லி அவர்களைப் பள்ளிக்குத் திரும்ப அனுப்பியது. இறைவனுக்கே உரியது என்று அச்சிறார் எதையோ ஒதுக்கிவைத்தார்கள்; குடியரசு அதனால் சிறுத்துவிடவில்லை.

கடைசியாக, இந்த அளவுகோலை அரசின் மீது மட்டும் வைத்துவிட்டு ஓய்வது நேர்மையாகாது. இறைவனின் பெயரால் மனிதர் செலுத்தும் அதிகாரம் உங்கள் பங்குகளுக்குள்ளும் ஜமாஅத்துகளுக்குள்ளும் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரின் கல்லறைகளைப் பிரித்து நிற்கும் சுவரை எந்த விவிலிய வசனமும் எழுப்பவில்லை. பெண்களின் வழக்கைப் பெண்கள் இல்லாத அவையே தீர்ப்பதை எதிர்த்து, புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத்தை உருவாக்கினார். அவரை எதிர்த்தவர்களும் மார்க்கத்தின் பெயராலேயே பேசினார்கள். விவிலியம் பயிலும் வட்டங்களும் குர்ஆன் பயிலும் வட்டங்களும் மாதத்துக்கு ஒருமுறையேனும் ஓரிடத்தில் கூடி, 1949ஆம் ஆண்டின் அவ்விரு அவை விவாதங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று இம்மடல் கேட்டுக்கொள்கிறது. அவற்றைப் படித்து முடித்ததும், தங்கள் பங்குப் பேரவையிலும் ஜமாஅத்திலும் எந்தெந்த முடிவுகள் எவரைக் கேட்காமல் எடுக்கப்படுகின்றன என்று இரு வட்டத்தாரும் எழுதி, அதை ஒருவர் மற்றவரிடம் படிக்கக் கொடுப்பது இரண்டாம் வேலையாக இருக்கட்டும்.